ஏற்றம் தெரியாத பாதை

ரயில் நின்றுபோன தடங்களில் நடப்பதைப் பற்றித் தமிழில் இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். கட்டுரை, கவிதை, படத்துக்குக் கீழே நாலு வரி என்று பல வடிவங்களில் வருகிறது. வாசித்த வரைக்கும் மூன்று பொருட்கள் தவறாமல் இருக்கின்றன: துருப்பிடித்த தண்டவாளம், அதை மூடிக்கொண்டிருக்கும் புல், எப்போதோ கேட்டு நின்றுபோன ஒரு கூவல். கடைசிப் பத்தியில் காலம் வரும். காலம் எல்லாவற்றையும் கடந்து போகும். முடிந்தது.

இவையெல்லாம் மோசமான எழுத்து என்று சொல்ல வரவில்லை. சிலவற்றில் நல்ல வாக்கியங்கள் இருக்கின்றன. புல்லைப் பார்க்கத் தெரிந்தவர்கள் எழுதியவை. என்னுடைய புகார் வேறு. இவற்றில் ஒன்றில்கூட அந்தப் பாதை ஏன் இவ்வளவு சமமாக இருக்கிறது என்ற கேள்வி இல்லை. நடந்தவர் யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று யாரும் யோசிக்கவும் இல்லை. ரயில் தடத்தில் நடப்பதன் முழு அர்த்தமும் அந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதைத் தவறவிட்ட எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதியைத்தான் பார்த்திருக்கிறது.

எனக்கு ஊர் வத்திராயிருப்பு. ரயில் வராத ஊர். கூவல் கேட்க வேண்டுமென்றால் கிருஷ்ணன்கோவில் வழியாகப் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகணும். எங்களுக்குப் பாதை என்றால் மலைப்பாதை. தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறுகிற பாதை. ஆடி அமாவாசைக்கு அதில் ஏறியவர்களுக்குத் தெரியும், அந்தப் பாதை யாரும் வரைபடம் போட்டு அமைத்தது கிடையாது. பாறை வந்தால் சுற்றிக்கொண்டு போகும். ஓடை வந்தால் இறங்கி ஏறும். செங்குத்தாக இருந்தால் ஆளும் செங்குத்தாக ஏற வேண்டியதுதான். ஆயிரக்கணக்கான கால்கள் மலையிடம் பேரம் பேசிப் பேசி உண்டாக்கிய பாதை அது. பேரத்தில் எப்போதும் மலைதான் ஜெயித்திருக்கிறது. மறுநாள் கெண்டைக்கால் வலியில் அது தெரியும்.

ரயில் பாதை இதற்கு நேர் எதிர். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஓடும்போது பிடிமானம் மிகக் குறைவு. அதனால்தான் ஒரு எஞ்சின் அத்தனை பெட்டிகளைச் சுலபமாக இழுக்கிறது. அதனாலேயே மேடு ஏறவும் திணறுகிறது. நூறு மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் உயர்ந்தாலே ரயில்வேக்காரர்கள் அதை ஏற்றம் என்று குறித்துவைப்பார்கள். நம் காலுக்கு அது ஏற்றமாகவே தெரியாது. ஆக, ரயில் போக வேண்டுமானால் குன்றை வெட்ட வேண்டும், பள்ளத்தை மண் கொட்டி மேடாக்க வேண்டும், வெட்ட முடியாத இடத்தில் குடைய வேண்டும், கொட்ட முடியாத இடத்தில் பாலம் போட வேண்டும். செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற வழியை ராஜபாளையம், தென்காசிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆரியங்காவுக் குகையும் பதின்மூன்று கண் பாலமும் 1904இல் அந்த வழி திறந்தபோதே மலையிடமிருந்து பிடுங்கிய சமதளம்தான்.

இன்றைக்கு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் புல் முளைக்க விட்டதும் "இயற்கைக்குத் திரும்பிய பாதை" என்று எழுதிவிடுகிறார்கள். திரும்பவே இல்லை. புல்லுக்குக் கீழே வெட்டும் மேடும் அப்படியே இருக்கின்றன. உலகத்திலேயே மிகச் செயற்கையான மண்களில் ஒன்றின் மேல் நடந்துகொண்டு இயற்கை என்கிறோம். நம் கால் அனுபவிக்கிற சுகம் ஒருவன் மண்வெட்டியாலும் கூடையாலும் செய்து வைத்தது. அவனுக்குப் பிறகு ரயில் போனது. ரயிலுக்குப் பிறகு நாம் போகிறோம்.

*

தமிழர்கள் இன்று அதிகமாக நடக்கிற, சைக்கிள் ஓட்டுகிற பழைய ரயில் தடம் சிங்கப்பூரில் இருக்கிறது. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர். 'ரயில் காரிடார்' என்று சொல்கிறார்கள். சிங்கப்பூருக்குள் ஓடினாலும் மலேசிய ரயில்வேக்குச் சொந்தமாக இருந்த பாதை. இரு நாடுகளுக்கும் இடையே 1990இல் போட்ட ஓர் உடன்பாடு இருபது வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்து, 2010இல்தான் தீர்ந்தது. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயில் கிளம்பியது. ஜொகூர் சுல்தானே எஞ்சினில் ஏறி ஓட்டிக்கொண்டு போனார். அடுத்த சில மாதங்களில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். நிலத்தைக் கட்டடம் கட்டக் கொடுக்காமல் பசுமை வழியாக விட வேண்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் அதற்கு முன்பே கேட்டிருந்தார்கள். அரசு அதை ஏற்றுக்கொண்டது. நிலத்துக்கு அவ்வளவு விலை இருக்கிற ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை. அதைப் பாராட்டாமல் மேலே போகக் கூடாது.

வேலைக்காக அங்கே இருந்த காலத்தில் பல ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பாதையில் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். காலை ஆறரைக்கு வெயில் வருவதற்கு முன்னால் கிளம்பினால் மரங்களுக்கு நடுவே ஈரக்காற்று. வாழை, லாலாங் புல், மைனா, அதிர்ஷ்டம் இருந்தால் இருவாச்சி. பெரும்பகுதித் தூரம் கியர் மாற்றவே வேண்டியிருக்காது. சிங்கப்பூரின் உயரமான குன்று புக்கித் தீமா. அதன் அடிவாரத்தை ஒட்டிப் போகும்போதும் தொடையில் எந்தப் பாரமும் ஏறாது. ஊரில் அம்மாவுக்குப் போனில் படம் அனுப்பினால், "ரயில் இல்லாத தண்டவாளத்துல உனக்கு என்னய்யா சோலி? அங்கன ரோடு கெடையாதா?" என்று கேட்பார். நல்ல கேள்வி. இதற்குப் பிறகு வருகிறேன்.

பாதையில் என்ன மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று கவனித்தால் அதை ஒரு பிரதியாக வாசிக்கலாம். 1932இல் கட்டிய புக்கித் தீமா ஸ்டேஷனைப் புதுப்பித்து 2022இல் திறந்தார்கள். இரண்டு இரும்புப் பாலங்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவற்றின் மேலும் ஸ்டேஷன் அருகிலும் கொஞ்சம் தண்டவாளத்தை விட்டு வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷன், பாலம், துண்டுத் தண்டவாளம். மூன்றும் படத்துக்கு நன்றாக வரும். மிச்சமிருக்கும் எல்லாப் பக்கமும் மண்மேடும் வெட்டும்தான். அவை படத்தில் வராது. வெட்டிய பள்ளத்துக்குள் நின்று எடுத்தால் இரண்டு பக்கமும் பச்சைச் சரிவு தெரியும். "ஆஹா, காடு" என்று எழுதிவிடலாம்.

தஞ்சோங் பகார் ஸ்டேஷனின் முகப்பையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். 1932இல் திறந்த கட்டடம். முன்பக்கத்தில் நான்கு பளிங்குச் சிலைகள்: விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில். உள்ளே பெரிய சுவரோவியங்கள். ரப்பர், நெல் நடவு, ஈயம், கொப்பரை, கப்பல், மாட்டு வண்டி. மலாயாவின் செல்வம் எதெல்லாமோ அதெல்லாம் அந்தச் சுவரில் இருக்கிறது. இத்தனையையும் துறைமுகத்துக்குக் கொண்டுவந்த பாதையைப் போட்டவன் மட்டும் இல்லை. விவசாயத்துக்கு ஒரு சிலை, போக்குவரத்துக்கு ஒரு சிலை. ஜல்லி அள்ளியவனுக்கு என்ன உருவம் கொடுப்பது என்று சிற்பிக்குத் தெரிந்திருக்காது.

அவன் யார் என்பதில் பெரிய மர்மம் இல்லை. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை போடப்பட்டது. இலங்கையிலிருந்து கூட்டிவந்த தொழிலாளர் படை போட்டது. அதற்குப் பிறகு தண்டவாளப் பராமரிப்பு வேலை பெரும்பாலும் தென்னிந்தியத் தமிழர் கையில் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர், குமாஸ்தா உத்தியோகங்களில் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைய இருந்தார்கள். ஒரே மொழி, ஒரே ரயில்வே, ஆனால் இரண்டு வாழ்க்கை. உத்தியோகக் குடும்பங்களில் கோட்டு போட்ட தாத்தாவின் புகைப்படம் இருக்கும். சம்மட்டி பிடித்தவனின் குடும்பத்தில் என்ன இருக்கும்?

ஒரு கோயில் இருக்கும். குவீன்ஸ்வே பக்கம் தண்டவாள ஓரத்தில் ரயில்வேத் தொழிலாளர்கள் 1930களில் ஒரு சின்னக் கொட்டகை போட்டு முனியாண்டியைக் கும்பிட ஆரம்பித்தார்கள். சாலை அகலமாக்க இடம் போனபோது கோயில் காமன்வெல்த் டிரைவுக்கு மாறி, 1998 முதல் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலாகப் பெரிதாக நிற்கிறது. எங்கள் பக்கம் முனியாண்டி கண்மாய்க்கரையிலோ ஊர் எல்லையிலோ இருப்பார். ராத்திரியில் அந்த வழியாகத் தனியாகப் போகிறவனுக்குத் துணை. தண்டவாளம் போட வந்தவன் அந்நிய மண்ணில் தனக்கொரு எல்லையைத் தானே கண்டுபிடித்து, அங்கே காவலுக்கு ஆளை நிறுத்தியிருக்கிறான். அந்தப் பாதையில் உழைத்தவன் தானே விட்டுப்போன கையெழுத்து என்று எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். அது இப்போது பாதையின் மேல் இல்லை. பாதையை விட்டு விலகிப் போய்த்தான் பார்க்க வேண்டும். நடைபாதை பற்றிய எழுத்துகளில் இந்தக் கோயில் வராததற்கு இது காரணமாக இருக்கலாம். எழுதுகிறவர்கள் பாதையை விட்டு இறங்குவதில்லை.

*

சிங்கப்பூர்ப் பாதை ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷம் என்றால் அதன் மறுமுனை வேறு மாதிரி. மறுமுனை என்று சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. 1942இலும் 1943இலும் சிங்கப்பூரில் ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் போர்க்கைதிகளை இதே ரயில் பாதையில்தான் ஏற்றினார்கள். இரும்புச் சரக்குப் பெட்டிகள். நான்கைந்து நாள் பயணம். இறக்கிய இடம் சயாமில் பான் போங். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்த தமிழர்களையும் வழியிலிருந்த ஸ்டேஷன்களில் இதே மாதிரிப் பெட்டிகளில் ஏற்றி அதே இடத்துக்குத்தான் அனுப்பினார்கள். அங்கிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை போட வேண்டும். 1943 அக்டோபரில் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த தண்டவாளங்கள் சேர்ந்தன. வேலை ஆரம்பித்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. அதற்குத் தேவைப்பட்ட தண்டவாளத்தில் ஒரு பகுதியும் மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து பெயர்த்துக்கொண்டு போனது.

போருக்குப் பிறகு அந்தப் பாதையின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. தாய்லாந்துப் பக்கம் நாம் தோக் வரை ரயில் இன்னும் ஓடுகிறது. அதற்கு மேல் காடு மூடியது. 1980களில் டாம் மாரிஸ் என்ற முன்னாள் ஆஸ்திரேலியக் கைதி திரும்பி வந்து, அங்கே இருந்த மலைவெட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். ஹெல்ஃபயர் பாஸ். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக ஆட்கள் பாறை உடைத்த காட்சி நரகம் மாதிரி இருந்ததால் கைதிகள் வைத்த பெயர். 1998இல் ஆஸ்திரேலிய அரசு அங்கே நினைவு அருங்காட்சியகம் திறந்தது. அதன் கீழே பழைய ரயில் தடத்திலேயே சில கிலோமீட்டர் நடைபாதை.

அங்கே நடந்தால் நான் மேலே சொன்ன சமதளத்தின் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. மூங்கில் காட்டுக்குள் படியிறங்கிப் போனால் பாறைக்கு நடுவே வெட்டிய சந்து. சுமார் 25 மீட்டர் ஆழம். இரண்டு பக்கச் சுவர்களிலும் நெடுக்காகப் பாதிக் குழாய் மாதிரி தடங்கள் தெரியும். ஒருவன் துளையிடும் கம்பியைப் பிடிக்க, இன்னொருவன் சம்மட்டியால் அடிக்க, ஒவ்வொரு அடிக்கும் கம்பியைத் திருப்பித் திருப்பி இறக்கிய வெடிமருந்துத் துளைகள். உடைந்த கம்பி ஒன்று பாறைக்குள்ளேயே சிக்கி நிற்கிறது. கீழே நடக்கிற தரை தட்டையாக இருக்கிறது. காலுக்குக் கீழே ஜல்லி நறநறக்கிறது. இறங்கி வந்த படிகளில் ஏறும்போது மட்டும்தான் மூச்சு வாங்குகிறது. பாதையில் வாங்காத மூச்சு.

அந்த அருங்காட்சியகத்தையும் பாதையையும் மரியாதையோடுதான் பார்க்க வேண்டும். ஒரு தேசம் தன் பிள்ளைகளை மறக்காமல் இருப்பதற்கு அது உதாரணம். ஆனால் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் கை நடுங்கும். போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். 12,000-க்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் அதிகம், அதில் பெரும்பான்மை தோட்டத் தமிழர். ஆசியர்களில் செத்தவர்கள் எத்தனை என்பதற்கு மதிப்பீடுதான் உண்டு. 90,000 வரைக்கும் சொல்கிறார்கள். கைதிகளுக்குப் படைப்பிரிவு இருந்தது, அதிகாரி இருந்தார், மருத்துவர் இருந்தார், ஒளித்து வைத்து எழுதிய பட்டியல் இருந்தது. அதனால் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் சுமார் 7,000 கல் வரிசையாக நிற்கிறது. தோட்டத்து ஆளுக்கு எந்தப் பட்டியலும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது புதைத்த இடத்துக்கும் குறி இல்லை. 1990இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புக்காட்டைத் தோண்டியபோது எலும்புகள் மொத்தமாக வெளியே வந்தன. 2023இல்தான் அந்த ஊரில் பௌத்தக் கோயில் வளாகத்தில் தமிழர்களுக்காக ஒரு நடுகல் நாட்டினார்கள். எண்பது வருஷம் கழித்து.

உலகம் இந்தப் பாதையை அறிந்தது சினிமா வழியாக. 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. அதன் கதை ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் கௌரவத்தைப் பற்றியது. பாலம் அவருடைய பிடிவாதத்தின் சின்னம். படப்பிடிப்பு நடந்தது இலங்கையில், கித்துல்கலையில். தோட்டத் தமிழர்கள் வாழ்கிற மலைநாட்டுக்குப் பக்கத்திலேயே செட் போட்டு, தோட்டத் தமிழர்கள் செத்த பாதையைப் பற்றி, தமிழர்கள் இல்லாத கதையை எடுத்திருக்கிறார்கள். திட்டமிட்ட சதி ஒன்றும் இல்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். தோன்றாமல் போவதுதான் இதில் பயங்கரம்.

*

நமக்குத் தோன்றியதா? தோன்றியது. மலேசியத் தமிழ் எழுத்தாளர்களுக்குத் தோன்றியது. ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச்சின்னம்' என்று இரண்டு நாவல்கள் இருக்கின்றன. இலக்கியம் வாசிக்கிற இளைஞர்களிடம் கேட்டால் பத்தில் ஒருவருக்குப் பெயர் தெரிந்திருந்தால் அதிகம். தெரிந்தவர்களும் உடனே ஒன்று சொல்வார்கள்: "ஆவணத்தன்மை அதிகம் ப்ரோ." நாவலாகக் கலை கூடவில்லை என்பது அதற்கு அர்த்தம்.

இந்த விமர்சனத்தை நான் முழுசாகத் தள்ளவில்லை. தகவலைச் சொல்லியாக வேண்டும் என்ற அவசரம் இந்த மாதிரி நாவல்களில் பாத்திரங்களின் வாயில் ஏறி உட்கார்ந்துகொள்வது உண்டு. இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது அவர்கள் நமக்காகப் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும். அழகியல் அளவுகோல் வைத்திருப்பவர்களுக்கு அது உறுத்தும். எனக்கும் உறுத்தியது. ஆனால் ஹெல்ஃபயர் பாஸில் நின்ற பிறகு அந்த அளவுகோலை நான் கொஞ்சம் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலிய எழுத்தாளர் ரிச்சர்ட் ஃபிளனகன் இதே பாதையை வைத்து எழுதிய 'தி நேரோ ரோட் டு தி டீப் நார்த்' 2014இல் புக்கர் பரிசு பெற்றது. அவருடைய அப்பா அந்தப் பாதையில் கைதியாக இருந்தவர். அந்த நாவலில் காதல் இருக்கிறது, குற்றவுணர்வு இருக்கிறது, ஜப்பானிய அதிகாரிகளின் மனசுக்குள்ளும் போகிற துணிச்சல் இருக்கிறது. அருமையான நாவல். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், திறமை ஒரு பக்கம் இருக்கட்டும், அவருக்கு முன்னால் ஒரு பெரிய வேலை முடிந்திருந்தது. கைதிகளின் நாட்குறிப்புகள், மருத்துவர்களின் பதிவுகள், வரலாற்று நூல்கள், அருங்காட்சியகம், கல்லறையில் ஒவ்வொரு பெயர். வெட்டி நிரவிச் சமமாக்கிய தளம் ஏற்கெனவே இருந்தது. அதன் மேல் நாவல் ஓட முடிந்தது. பெயர் சொல்ல வேண்டிய கடமை நாவலுக்கு இல்லை. கல்லறை அதைச் செய்துவிட்டது.

சண்முகத்துக்கும் ரெங்கசாமிக்கும் அந்தத் தளம் கிடையாது. அவர்கள் குன்றையும் வெட்ட வேண்டியிருந்தது, ரயிலும் ஓட்ட வேண்டியிருந்தது. பட்டியல் இல்லாதவர்களுக்காகப் பட்டியல் போடுவதும் கதை சொல்வதும் ஒரே புத்தகத்தில் நடக்கிறது. 'நினைவுச்சின்னம்' என்ற தலைப்பையே பாருங்கள். ஒரு நாவலுக்கு வைக்கிற பெயரா அது? ஒரு கல்லுக்கு வைக்கிற பெயர். கல் நடாத இடத்தில் காகிதத்தை நட்டிருக்கிறார். காஞ்சனபுரியில் நடுகல் வருவதற்குப் பல வருஷம் முன்பே. "கலை கூடவில்லை" என்று நாம் சொல்லும்போது, அந்தக் கலை ஓடுவதற்கான மண்ணைப் போட வேண்டியவர்கள் யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தமிழ் வரலாற்றுத்துறையும் பல்கலைக்கழகங்களும் செய்திருக்க வேண்டிய வேலை ஒரு நாவலாசிரியர் தலையில் விழுந்தால் அவருடைய நடை கனக்கத்தான் செய்யும்.

இதைச் சலுகை மதிப்பெண்ணாகச் சொல்லவில்லை. இந்த நாவல்களை வாசிக்கும்போது நமக்கு மூச்சு வாங்குகிறது, சில இடங்களில் கால் தடுக்குகிறது. அது அவற்றின் பலவீனம் என்று மட்டும் நினைத்திருந்தேன். இப்போது அவை சதுரகிரிப் பாதை மாதிரித் தெரிகின்றன. மலையை யாரும் இன்னும் வெட்டவில்லை என்பதை வாசகனின் காலுக்குச் சொல்கிற எழுத்து. அதே நேரத்தில் நாம் வழவழப்பாக எழுதுகிற நடைபயணக் கட்டுரைகளை மறுபடி பார்க்கிறேன். அவற்றில் ஏன் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை? வெட்டு வேலையை வேறு யாரோ முடித்து வைத்த தடத்தில் ஓடுகின்றன. துரு, புல், கூவல், காலம். இந்த நான்கு ஸ்டேஷன்களுக்கும் ஏற்கெனவே லைன் இருக்கிறது.

*

அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். ரயில் இல்லாத தண்டவாளத்தில் என்ன வேலை?

ரயில் தடம் நடைபாதையாக மாறுவது எல்லா ஊரிலும் நடப்பதில்லை. தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட நடக்கவே இல்லை. மீட்டர் கேஜ் போனபோது பெரும்பாலும் அதே மண்மேட்டில் பிராட் கேஜ் வந்துவிட்டது. விருதுநகர் – தென்காசிப் பாதையும் அப்படித்தான். விதிவிலக்காகக் கைவிட்ட தடம் என்றால் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் பாதையையும் ஊரையும் சேர்த்துக் கொண்டுபோனது. இன்னொன்று மயிலாடுதுறை – தரங்கம்பாடி. 1926இல் வந்த கிளைப் பாதை, 1986இல் நிறுத்தப்பட்டது. முப்பது கிலோமீட்டர், டெல்டாவின் வயல்களுக்கு நடுவே, கடல் வரைக்கும். சைக்கிள் பாதையாக்கினால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று வெளியூர் ஆட்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்தப் பகுதி மக்கள் கேட்பது அது இல்லை. அவர்கள் ரயிலைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். 1990இல் யாழ்தேவி நின்றது. தண்டவாளமும் சிலீப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. மிச்சமிருந்தது வெறும் மண்மேடு. அந்த மேட்டில் மனிதர்கள் நடந்தார்கள், சைக்கிளில் போனார்கள். அதை யாரும் நடைபாதை என்று கொண்டாடவில்லை. வேறு வழி இல்லாமல் போன வழி. 2014 அக்டோபரில் ரயில் யாழ்ப்பாணம் திரும்பியபோது ஜனங்கள் ஸ்டேஷனில் கூடி நின்றார்கள். அந்த மண்மேட்டில் புல் அழகாக இருந்தது என்று அன்றைக்கு யாராவது அங்கே போய்ச் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்.

ஆக, ரயில் போன தடம் அழகாகத் தெரிவதற்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு ரயில் ஓட வேண்டும். சிங்கப்பூரில் நான் சைக்கிளை நிறுத்திவிட்டு மெட்ரோ பிடித்து அறைக்குப் போனேன். அதனால்தான் பழைய பாதையின் நிசப்தத்தை ரசிக்க முடிந்தது. ரயிலே வராத ஊரில் இருக்கிற அம்மாவுக்கு அந்த நிசப்தம் பழக்கமான ஒன்று. அதில் ரசிக்க அவருக்கு என்ன இருக்கிறது?

இதைச் சொல்வதால் நடக்கக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாது என்று அர்த்தம் வராது. நான் திரும்பப் போனாலும் அந்தப் பாதையில் ஓட்டுவேன். ஒரு பெரிய நகரத்துக்கு நடுவே காசு கொடுக்காமல், டிக்கெட் எடுக்காமல், பணக்காரனும் கட்டுமானத் தொழிலாளியும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடிய 24 கிலோமீட்டர் நிலம் என்பது பெரிய விஷயம். விடுமுறை நாளில் அங்கே திருச்சியும் சிவகங்கையும் பேசிக்கொண்டு போகும். அவர்களில் பலர் மறுநாள் காலையில் லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து சுரங்கப்பாதை வெட்டும் வேலைக்குப் போகிறவர்கள். புதிய மெட்ரோ வழிகளுக்கு மண் எடுக்கிறவர்கள். நூறு வருஷம் கழித்து அந்தச் சுரங்கமும் பயன்பாட்டை விட்டுப் போனால் அதற்குள்ளும் யாராவது நடப்பார்கள். குளுமையாக இருக்கிறது என்று எழுதுவார்கள்.

நான் எதிர்பார்ப்பது எழுத்தில் ஒரு சின்ன மாற்றம். அடுத்த முறை ஒரு பழைய தடத்தைப் பற்றி ஏதாவது வாசிக்கும்போது, எழுதும்போது, மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். இந்தச் சமதளம் எதை வெட்டி, எதை நிரப்பி வந்தது? வெட்டியவனுடைய அடையாளம் ஏதாவது, ஒரு கோயிலோ ஒரு துளையோ ஒரு கெட்ட வார்த்தையோ, மிச்சமிருக்கிறதா? இந்தப் பாதையில் ரயில் திரும்பி வர வேண்டும் என்று ஆசைப்படுகிற யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா? மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும் என்றில்லை. தேடியிருப்பது வாக்கியத்தில் தெரிந்தால் போதும். புல்லைப் பற்றி அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். அந்தப் புல் இன்னும் நன்றாகவே இருக்கும்.

காஞ்சனபுரிக்குப் போகிற உத்தேசம் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. போகும்போது பையில் 'நினைவுச்சின்னம்' இருக்கட்டும். அருங்காட்சியகத்தில் காதில் மாட்டிக்கொள்ளக் கருவி தருவார்கள். அதில் திரும்பி வந்த கைதிகள் தங்கள் குரலிலேயே பேசுவார்கள். அவசியம் கேளுங்கள். திரும்பி வந்து சொல்லக் கொடுத்துவைத்தவர்கள் அவர்கள். பிறகு கருவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நிழலாகப் பார்த்து உட்கார்ந்து நாவலைத் திறங்கள். அங்கே தமிழில் பேசுவதற்கு இன்றைக்கும் அது ஒன்றுதான் கையில் இருக்கிறது.